எண்ணெய் அழுத்தத்தில் எழுந்து நின்ற கார்

இரவு முழுவதும் நிறுத்தி வைத்த சிட்ரோயன் டிஎஸ் காரை விடியற்காலையில் முதன்முறையாகப் பார்ப்பவர், அது கெட்டுப்போய்ப் படுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். அடிப்பாகம் தரையை உரசுமளவுக்குத் தாழ்ந்து கிடக்கும். எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், ஒட்டகம் எழுவதுபோல முதலில் பின்பக்கம் மேலே வரும். அதன் பிறகு முன்பக்கம். பானெட்டுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பம்ப் வேண்டிய அழுத்தத்தைச் சேர்த்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். டிஎஸ் கார்களைப் பழுது பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் அந்த 'டிக்' எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேட்கிறது என்பதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார்கள். அடிக்கடி கேட்டால், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருண்டையில் வாயு குறைந்துவிட்டது என்று பொருள்.

1955 அக்டோபர் 5 அன்று பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் நடந்த மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலாகத் திரை விலக்கிக் காட்டப்பட்டது. அன்று இரவு மண்டபம் மூடுவதற்குள் சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்துவிட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பியச் சாலைகளில் ஓடிய கார்களில் பலவும் போருக்கு முந்தைய வடிவத்தை விட்டு விலகாதவை. நிமிர்ந்த கிரில், உருண்ட முதுகு, இரும்புப் பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக் என்று பழகிய கண்களுக்கு முன்னால், கிரில்லே இல்லாத, நுனி மெலிந்த, பின்சக்கரங்களை மூடிக்கொண்ட ஒரு வண்டி வந்து நின்றது. கூட்டம் திகைத்ததில் வியப்பில்லை.

டிஎஸ்ஸைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த அழகிலேயே தொடங்கி அழகிலேயே முடித்துவிடுகிறார்கள். அழகு உண்மைதான். ஆனால் இந்தக் காரின் பெருமை தகட்டுக்கு அடியில், விரல் தடிமன்கூட இல்லாத குழாய்களில் ஓடியது. ஒரே பம்ப், ஒரே திரவம். அந்த அழுத்தத்தைக் கொண்டே காரைத் தாங்குவது, திருப்புவது, நிறுத்துவது, கியர் மாற்றுவது என்ற நான்கு வேலைகளையும் முடித்துவிடலாம் என்று துணிந்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு மூல காரணமானவர் பட்டம் பெற்ற பொறியாளர்கூட அல்ல.

அந்தக் கதை சிட்ரோயன் நிறுவனத்தின் முதல் வீழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது. 1919-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஆந்த்ரே சிட்ரோயன் எதையும் பெரிதாகச் செய்யும் சுபாவக்காரர். 1925 முதல் 1934 வரை ஈஃபில் கோபுரத்தில் தன் பெயரையே மின்விளக்குகளால் எழுதி வைத்தவர். முன்சக்கரங்களை எஞ்சின் இழுக்கும்படியும், தனிச் சட்டம் இல்லாமல் உடற்கூடே பாரத்தைத் தாங்கும்படியும் செய்த 'டிராக்சன் அவான்' காரை அவர் 1934-இல் கொண்டுவந்தார். கார் வென்றது, அதற்குச் செய்த செலவு முதலாளியை வீழ்த்திவிட்டது. அதே ஆண்டு நிறுவனம் திவாலானது. பெரிய கடன்காரரான மிஷலின் டயர் நிறுவனம் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு சிட்ரோயன் காலமானார்.

மிஷலின் அனுப்பிய நிர்வாகிகளில் ஒருவர் பியேர்-ஜூல் பூலான்ஜே. செலவில் கறாரானவர். ஆனாலும் புதிதாக யோசிப்பவர்களுக்கு இடம் கொடுத்தவர். டிராக்சனுக்கு அடுத்து வரவேண்டிய காருக்கான வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. அந்த வேலையில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆந்த்ரே லெஃபெவ்ர் விமானப் பொறியியல் படித்துவிட்டு, வுவாசன் நிறுவனத்தில் பந்தயக் கார்கள் செய்தவர். எடையை முன்னால் குவி, பின்னால் குறை, காற்றுக்கு வழி விடு என்பது அவருடைய பிடிவாதம். ஃப்ளாமினியோ பெர்தோனி இத்தாலியின் வரேசே பகுதியிலிருந்து வந்த சிற்பி. காகிதத்தில் வரைவதைவிடக் கையால் பிசைந்து உருவம் செய்வதையே விரும்பியவர். மூன்றாமவர் போல் மஜெஸ். 1925-இல், பதினேழு வயதில் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளேயே கற்றுக்கொண்டு மேலே வந்தவர். ஜெர்மானியப் படைகள் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த 1942-இல், சஸ்பென்ஷன் பிரச்சினை அவர் கைக்கு வந்தது.

பிரச்சினை எளிமையாகத் தெரியும், ஆனால் பிடிகொடுக்காது. இரும்பு ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்தால், ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பயணம் சுகமாக இருக்கும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்பக்கம் தொங்கிவிடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். விறைப்பாக வைத்தால் நிறைபாரத்தில் சரியாக இருக்கும், காலியாகப் போகும்போது குலுக்கி எடுக்கும். எல்லாக் கார் நிறுவனங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் சமரசம் செய்துகொண்டன. பிரான்ஸின் கிராமச் சாலைகளோ அந்தச் சமரசத்தை ஒவ்வொரு பள்ளத்திலும் அம்பலப்படுத்தின.

மஜெஸ் இரும்பு ஸ்பிரிங்கையே தூக்கிவிட்டார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோக உருண்டை. அதன் நடுவே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு மேல் நைட்ரஜன் வாயு, கீழே திரவம். சக்கரம் மேட்டில் ஏறும்போது அதனோடு இணைந்த பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் வாயுவை நசுக்குகிறது. வாயு திருப்பித் தள்ளுகிறது. திரவத்தை நசுக்க முடியாது, வாயுவை நசுக்கலாம். இந்தப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான் அடிப்படை. உருண்டையின் கழுத்தில் இருக்கும் சிறு துளைகள் வழியாகத் திரவம் நெருக்குண்டு போய் வருவதால் ஆட்டம் அடங்குகிறது. தனியாக ஷாக் அப்சார்பர் தேவையில்லை.

இதுவரை பாதி வேலைதான். பாரம் ஏறிக் கார் தாழ்ந்ததும், அச்சோடு இணைந்த ஒரு வால்வு அதை உணர்ந்து கூடுதல் திரவத்தை உள்ளே விடும். கார் பழைய உயரத்துக்கே வந்துவிடும். பாரம் இறங்கினால் அதே வால்வு திரவத்தைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பாரம் கூடக் கூட உருண்டைக்குள் இருக்கும் வாயுவும் இறுகுவதால், ஒருவர் போனாலும் ஐந்து பேர் போனாலும் காரின் ஆட்டம் ஏறக்குறைய ஒரே தாளத்தில் இருக்கும். இரும்பு ஸ்பிரிங்கால் முடியாத காரியம் இது. 1954-இல் டிராக்சன் காரின் ஆறு சிலிண்டர் மாடல் ஒன்றில், பின்சக்கரங்களுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டைப் பொருத்தி விற்றுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே டிஎஸ் நான்கு சக்கரங்களிலும் அதோடு வந்தது. இவ்வளவுக்கும் வித்திட்ட பூலான்ஜே அதைப் பார்க்கவில்லை. 1950 நவம்பரில், டிராக்சன் காரை ஓட்டிப் போகும்போது நடந்த விபத்தில் அவர் இறந்துவிட்டார்.

எஞ்சினால் இயங்கும் பம்ப் இந்தத் திரவத்தை, சாதாரணக் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல சுமார் எழுபது மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றிவிடும். அவ்வளவு வலிமை கைவசம் இருக்கும்போது அதைச் சஸ்பென்ஷனோடு நிறுத்துவானேன்? ஸ்டியரிங்கைத் திருப்ப அதே அழுத்தம் உதவியது. கிளட்ச் பெடலே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய கம்பியை நகர்த்தினால், கிளட்சைப் பிடிப்பதும் கியரை மாற்றுவதும் திரவத்தின் வேலை. அதே கம்பியை ஓரமாகத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். பிரேக்குக்கும் வழக்கமான பெடல் கிடையாது. தரையிலிருந்து காளான்போல முளைத்த ஒரு ரப்பர் குமிழ்தான் இருந்தது. அது அமுங்கும் தூரம் மிகக் குறைவு. பாதம் கொடுக்கும் அழுத்தத்துக்கு ஏற்பப் பிரேக் பிடிக்கும். மற்றக் கார்களில் பழகிய காலோடு இதை மிதித்தவர்கள் முதல் நாளில் கண்ணாடியில் முட்டிக்கொள்ளாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான். பழகியவர்களுக்கோ வேறு எந்தப் பிரேக்கும் பிடிக்காமல் போனது.

முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் வைத்து இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தயாரித்த முன்னோடி டிஎஸ்தான். அந்த டிஸ்க்குகளை வைத்த இடம் அதைவிட முக்கியம். அவை சக்கரத்துக்குள் இல்லை, கியர்பாக்ஸை ஒட்டி உள்ளே இருந்தன. அதனால் சக்கரத்தின் நடுவில் இடம் கிடைத்தது. அந்த இடத்தில், டயரின் மையக் கோட்டிலேயே சக்கரம் திரும்பும் அச்சை அமைத்தார் லெஃபெவ்ர். விளைவு: ஓடும்போது முன்டயர் வெடித்தாலும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஒரு பக்கமாக இழுக்காது. பிரேக் இடம் மாறியதால் ஸ்டியரிங்குக்குப் பாதுகாப்பு வந்தது. டிஎஸ்ஸில் ஒவ்வொரு புதுமையும் இப்படி இன்னொன்றுக்கு வழி விட்டிருப்பதைப் பார்க்கும்போதுதான் அதைச் செய்தவர்களின் அருமை தெரிகிறது.

பஞ்சர் போடும் வேலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜாக்கியைச் சுற்ற வேண்டியதே இல்லை. ஓட்டுநரின் காலருகே இருக்கும் உயர நெம்புகோலை மேல் எல்லைக்குத் தள்ளினால் கார் முழுவதுமாக உயர்ந்து நிற்கும். பஞ்சரான பக்கத்தில் ஒரு முட்டுக்கட்டையை அடியில் பொருத்திவிட்டு, நெம்புகோலைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவர வேண்டும். மறுபக்கம் தாழும், முட்டுக்கொடுத்த பக்கம் தாழ முடியாதே, ஆகவே அந்தப் பக்கச் சக்கரங்கள் தாமாகத் தரையை விட்டு மேலே ஏறும். பின்சக்கரமென்றால், அதை மூடியிருக்கும் மட்கார்டை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி அப்படியே எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். தொடக்க கால டிஎஸ்ஸில் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே நட்டுதான். ஸ்டெப்னி இருப்பது டிக்கியில் அல்ல, பானெட்டுக்கு அடியில், ரேடியேட்டருக்கும் முன்னால்.

உடலமைப்பிலும் இதே சிந்தனைதான். எடையைச் சுமக்கும் அடிக்கூடு தனி. அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய தகடுகள் தனி. பானெட் அலுமினியம், கூரை ஃபைபர் கிளாஸ். மேல்பாரம் குறைந்ததால் வளைவுகளில் கார் நிலையாக நின்றது. பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்னதைவிட ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் குறைவு. அதனால்தான் மேலிருந்து பார்த்தால் உடல் பின்னோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. பெர்தோனியின் கை தெரியும் இடங்கள் பல. பின்பக்க இண்டிகேட்டர்களைக் கூரையின் இரு மூலைகளிலும் கூம்புபோல வைத்தது அவற்றில் ஒன்று. பின்னால் வருபவரின் கண் மட்டத்தில் எரியும் விளக்கு என்பதால் அது அழகுக்கு மட்டும் வைத்ததல்ல.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் டிஎஸ் பின்தங்கியது. இதைப் பூசி மெழுக முடியாது. காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்ய முயன்று கைவிட்டார்கள். கடைசியில் டிராக்சன் காரின் பழைய நான்கு சிலிண்டர், 1,911 சிசி எஞ்சினுக்கு அலுமினியத் தலை வைத்துப் பொருத்தினார்கள். சக்தி 75 குதிரைத்திறன். அத்தனை நவீனமான உடலுக்குள் 1930-களின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. காற்றைக் கிழிக்கும் வடிவம் இருந்ததால்தான் அது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

முதல் ஓரிரு ஆண்டுகள் வாங்கியவர்களுக்குச் சோதனையான காலம். வடிவமைப்பை அவ்வளவு ரகசியமாக வைத்திருந்ததால், விற்பனை நிலையங்களின் மெக்கானிக்குகளுக்கு முன்கூட்டியே பயிற்சி தர வழியில்லாமல் போயிற்று. குழாய் கசிந்தால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கிளட்ச் எல்லாம் சேர்ந்தே படுக்கும். 1957-இல் வந்த விலை குறைந்த ஐடி 19 மாடலில் சாதாரணக் கிளட்ச், உதவியில்லாத ஸ்டியரிங், எளிய பிரேக் என்று பலவற்றையும் குறைத்தார்கள். சஸ்பென்ஷனை மட்டும் தொடவில்லை. எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

திரவமும் தொல்லை கொடுத்தது. முதலில் தாவர எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட திரவம், பிறகு செயற்கைத் திரவம் என்று மாற்றிப் பார்த்தார்கள். சிவப்பு நிறத்தில் வந்த அந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துருப்பிடிக்க வைக்கும். வெளியே சிந்தினால் பெயின்டை உரித்துவிடும். 1966-இல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் டிஎஸ் நம்பகமான கார் ஆனது. பச்சைக்கும் சிவப்புக்கும் ரப்பர் சீல்கள் வேறு. மாற்றி ஊற்றினால் சீல்கள் வீணாகிவிடும். இன்றும் டிஎஸ் வாங்கப் போகும் ஆள் பானெட்டைத் திறந்து முதலில் பார்ப்பது திரவத்தின் நிறத்தைத்தான்.

இந்தக் காரை உலகச் செய்தியாக்கியது ஒரு கொலை முயற்சி. 1962 ஆகஸ்ட் 22 மாலை, அதிபர் சார்ல் டி கோல் மனைவியுடனும் மருமகனுடனும் வில்லாகூப்ளே விமானதளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அல்ஜீரியாவுக்கு விடுதலை தந்ததை ஏற்காதவர்கள் பெத்தி கிளாமார் என்ற இடத்தில் இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. காரின் மேல் பல குண்டுகள் பட்டன. இரண்டு டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் பிரான்சிஸ் மாரூ வேகத்தைக் குறைக்காமல் காரை வெளியே கொண்டுவந்துவிட்டார். உள்ளே இருந்த யாருக்கும் உயிராபத்து நேரவில்லை. திட்டமிட்டுத் தலைமை தாங்கிய ராணுவப் பொறியாளர் பாஸ்தியன்-திரிக்கு அடுத்த ஆண்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சஸ்பென்ஷன்தான் டி கோலைக் காப்பாற்றியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மாரூவின் நிதானத்துக்கும், டயர் போனாலும் இழுக்காத அந்த முன்சக்கர அச்சுக்கும் அதில் பெரிய பங்கைக் கொடுப்பதே நியாயம்.

அறிவுலகமும் டிஎஸ்ஸை விட்டுவைக்கவில்லை. ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜி' நூலில் இந்தக் காருக்கென்றே ஒரு கட்டுரை உண்டு. நடுக்காலத்துப் பேராலயங்களுக்கு இணையாக அதை வைத்துப் பேசினார். அதே ஆண்டு மிலான் நகரத் திரியன்னாலே கலைக் கண்காட்சியில் சக்கரங்களைக் கழற்றிவிட்டு டிஎஸ்ஸைச் சிற்பமாகவே நிறுத்திக் காட்டினார்கள். பந்தயத்திலும் அது சளைக்கவில்லை. மோன்ட்டி கார்லோ ராலியை 1959-இல் ஐடி 19 வென்றது. 1966-இல் டிஎஸ் 21-க்குக் கிடைத்த வெற்றி, முன்னால் வந்த மினி கார்களை ஹெட்லைட் விதிமீறலுக்காக நீக்கியதால் வந்தது. அதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை.

பெர்தோனியும் லெஃபெவ்ரும் ஒரே ஆண்டில், 1964-இல் காலமானார்கள். அவர்களுக்குப் பின் முகத்தைத் திருத்தும் பொறுப்பு ரொபேர் ஓப்ரோனுக்கு வந்தது. 1967-இல் அவர் கண்ணாடி மூடிக்குள் நான்கு விளக்குகளை அமைத்தார். உயர்ந்த மாடல்களில் உள்விளக்குகள் இரண்டும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். மலைப்பாதையில் கார் திரும்புவதற்கு முன்பே வெளிச்சம் வளைவுக்குள் போய்விடும். வெளிவிளக்குகளோ கார் முன்னும் பின்னும் சாய்ந்தாலும் ஒளியை ஒரே மட்டத்தில் வைத்திருக்கும். மோட்டாரோ மின்னணுவோ இல்லை, கம்பிகளும் நெம்புகளும்தான். அமெரிக்க விதிகள் இதை அனுமதிக்காததால் அங்கே போன கார்களுக்கு அசையாத விளக்குகள்தான் வாய்த்தன.

மற்ற நிறுவனங்கள் இந்தத் தொழில்நுட்பத்தை எப்படிப் பார்த்தன என்பதற்கு ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றே போதும். 1965-இல் வந்த சில்வர் ஷேடோ காரின் பிரேக்குக்கும் உயரத்தைச் சமன்செய்யும் ஏற்பாட்டுக்கும் அது சிட்ரோயனிடம்தான் உரிமம் வாங்கியது. கோடீசுவரர்கள் ஏறிய காரில் இருந்த அதே சங்கதி, பிரான்ஸில் மருத்துவர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் அன்றாடம் ஓட்டிய காரில் பத்தாண்டுகளாக இருந்துகொண்டிருந்தது. டிஎஸ்ஸின் நீண்ட பின்பகுதி கொண்ட மாடல் ஆம்புலன்ஸாகவும் பெயரெடுத்தது. நோயாளியைக் குலுக்காத சஸ்பென்ஷன். ஏற்றும்போது தாழ்ந்து கொடுக்கும் தளம்.

1975 ஏப்ரல் 24 அன்று கடைசி டிஎஸ் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 14,55,746. அவற்றில் பெரும்பாலானவை பாரிஸ் நகருக்குள்ளேயே, சேன் நதிக்கரையில் ஜவெல் என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையில் உருவானவை. அந்த இடத்தில் இப்போது ஆந்த்ரே சிட்ரோயன் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. உற்பத்தி நின்ற காலத்தில் நிறுவனம் மறுபடியும் கடனில் மூழ்கி பெஜோ கார் நிறுவனத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1999-இல் நூற்றாண்டின் கார் தேர்வில் ஃபோர்டு 'டி' மாடலுக்கும் மினிக்கும் அடுத்து டிஎஸ் மூன்றாம் இடம் பெற்றது. போல் மஜெஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இப்போதும் அந்தக் காரைப் பாராட்டும் கட்டுரைகளில் பெர்தோனியின் பெயர் வரும் அளவுக்கு அவர் பெயர் வருவதில்லை. இது சரியல்ல.

உருண்டைகளின் வம்சம் டிஎஸ்ஸோடு முடிந்துவிடவில்லை. சிஎக்ஸ், பிஎக்ஸ், சான்டியா, சி5 என்று தொடர்ந்து, கணினிக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டு, 2017 வரை வந்தது. இரும்பு ஸ்பிரிங்கும் மின்னணு ஷாக் அப்சார்பரும் மலிவாகி, சுகத்தில் அதை நெருங்கி வந்ததும், பம்ப், குழாய், வால்வு என்ற அந்தச் செலவை நிர்வாகம் தொடர விரும்பவில்லை. அதே 2017-இல், பெஜோ குழுமம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸிடமிருந்து அம்பாசடர் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து சிட்ரோயன் இந்தியாவில் கடை விரித்தபோது முதலில் விற்ற சி5 ஏர்கிராஸ் கார், லான்சர் கார்கள் ஒருகாலத்தில் உருவான திருவள்ளூர் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்டது. அதில் இருப்பது சாதாரண இரும்பு ஸ்பிரிங்தான். ஆனால் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும், ரப்பர் முட்டுக்குப் பதிலாக, சிறிய எண்ணெய் அறைகள் வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஓட்டத்தின் எல்லையை நெருங்கும்போது, அந்த எண்ணெய்தான் வேகத்தைத் தணித்து நிறுத்துகிறது.